எல்இடிக்கு ஆயுசு கெட்டியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மும்பை சயானில் வீடு, மூன்றரை வருடம் ஆன கார். இடது டெயில் லேம்ப்பில் மூன்று எல்இடி புள்ளிகள் அணைந்துவிட்டன. சர்வீஸ் சென்டரில் முழு செட்டையும் மாற்ற 14,000 ரூபாய் கேட்கிறார்கள். போதாததற்கு, தினமும் ஆபீஸ் போகும் வழியில் ஒரு சிக்னலில் சிவப்பு வட்டத்தில் கால்வாசி இருட்டு. பழைய பல்பு போனால் ஐம்பது ரூபாய்க்கு வாங்கி நாமே மாட்டிக்கொள்வோம், அதுவே தேவலை. எல்இடி 50,000 மணி நேரம் எரியும் என்றது பொய்யா என்று கேட்கிறீர்கள். எனக்குப் பட்டதைச் சொன்னால், அந்த 50,000 என்ற எண் எந்தப் பொருளுக்காகச் சொல்லப்பட்டது என்பதுதான் இதில் கேட்க வேண்டிய கேள்வி. அது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நான் 26 வருடம் நவி மும்பையில் ஒரு விளக்குச் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். விளக்கை அடுப்பில் வைத்து வேகவைப்பது, உப்புத் தண்ணீர் தெளிப்பது, மேடையில் வைத்துக் குலுக்குவது, செத்ததை அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது, இதுதான் பிழைப்பு. "ஊரில் எல்லாரும் விளக்கு ஏற்றுகிறார்கள், நீ அணைத்துச் சம்பளம் வாங்குகிறாய்" என்று மாட்டுங்காவில் இருந்த என் அத்தை சொல்வாள்.

அந்த எண்ணுக்கு வருவோம். 50,000 மணி நேரம் என்பது இரவு பகல் இடைவிடாமல் எரிந்தால் 5 வருடம் 8 மாதம். எந்த உற்பத்தியாளரும் ஒரு எல்இடியை அத்தனை காலம் எரியவிட்டுப் பார்த்துவிட்டு விற்பனைக்கு விடுவதில்லை. அதற்குள் அந்த மாடலே வழக்கொழிந்திருக்கும். நடப்பது என்னவென்றால், எல்எம்-80 என்ற முறைப்படி 55 டிகிரி, 85 டிகிரி போன்ற நிலையான வெப்பத்தில் குறைந்தது 6,000 மணி நேரம், அதாவது 250 நாள், எரியவிட்டு, ஆயிரம் மணிக்கு ஒரு தடவையாவது வெளிச்சத்தை அளப்பார்கள். அந்தப் புள்ளிகளை வைத்து டிஎம்-21 என்ற கணக்குப்படி கோட்டை முன்னால் நீட்டுவார்கள். போதுமான மாதிரிகள் வைத்திருந்தால் சோதித்த காலத்தைப்போல் ஆறு மடங்கு வரை நீட்டலாம், அதற்கு மேல் கூடாது. ஆக 6,000 மணி சோதித்தவர் 36,000 வரைதான் சொல்லலாம். 50,000 என்று எழுத வேண்டுமானால் 8,300 மணிக்கு மேல் சோதித்திருக்க வேண்டும். ஒரு லட்சம் மணி என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் எதை வைத்துப் போட்டார்கள் என்று விற்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

இதில் இன்னும் இரண்டு சங்கதி ஒளிந்திருக்கிறது. இந்தக் கணக்கில் "ஆயுள் முடிந்தது" என்றால் விளக்கு அணைந்தது என்று பொருளில்லை. வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 70 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று பொருள். எல்70 என்று எழுதுவார்கள். முப்பது சதவீதம் மெல்ல மெல்லக் குறைந்தால் நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, கண் அவ்வளவு சமாளிக்கும். அதிலும் பெரும்பாலும் சொல்லப்படுவது பாதி எல்இடிகள் அந்த அளவுக்கு இறங்கும் காலம். அந்தப் பாதி அதற்கு முன்னாலேயே இறங்கியிருக்கும் என்பது அட்டையில் வராது. இன்னொன்று, சோதிக்கப்படுவது அரிசி மணி அளவுள்ள அந்த ஒற்றை எல்இடி மட்டுமே. அதைப் பிடித்திருக்கும் சால்டரிங், கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட், மேலே உள்ள பிளாஸ்டிக், சுற்றியிருக்கும் ரப்பர், இவை எதுவும் அந்தச் சோதனைக்குள் வருவதில்லை. நான் அறுத்துப் பார்த்த வண்டி விளக்குகளில், எல்இடிக்குள் ஒளிவிடும் சிப் தானாகத் தேய்ந்து செத்தது மிகக் குறைவு. சுற்றியிருப்பவை சேர்ந்து அதைக் கொன்றிருக்கும்.

எப்படிக் கொல்கின்றன? வெப்பத்திலிருந்து தொடங்குகிறேன். பழைய பல்பில் இழை 2,500 டிகிரிக்கு மேல் காய்ந்து ஒளிவிடும்; அந்தச் சூட்டில் பெரும் பங்கு கதிராக முன்பக்கம் போய்விடும். எல்இடியில் கொடுத்த கரண்டில் பாதிக்கு மேல் சூடாகிறது, அந்தச் சூடு பின்பக்கமாக, உலோகம் வழியாகத்தான் வெளியேற முடியும். வழியில் எங்காவது தடை இருந்தால் சிப் வேகும். எல்இடியின் செராமிக் அடிப்பாகம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 7 பங்கு விரியும்; அது உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகடு சுமார் 23 பங்கு விரியும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சால்டர், ஒவ்வொரு தடவை விளக்கு காய்ந்து ஆறும்போதும் இழுபடுகிறது. கம்பியை வளைத்து வளைத்து ஒடிக்கிறோமே, அதே கதை. இப்படி விரிசல் விட்ட விளக்கு காலையில் எரியும், அரை மணி ஓடியதும் அணையும், தட்டினால் மறுபடி எரியும். தட்டினால் எரிகிறதென்றால் எல்இடி சாகவில்லை. சால்டரோ கனெக்டரோ விட்டிருக்கிறது.

அடுத்தது மும்பைக்காரர்களுக்கு நன்றாகவே புரியும். எல்இடிக்குள் சிப்பைச் சுற்றியுள்ள தட்டு பல வகைகளில் வெள்ளி முலாம் பூசியது, கண்ணாடிபோல் ஒளியை வெளியே தள்ளுவதற்காக. அதன் மேல் ஊற்றி மூடியிருப்பது சிலிகோன். சிலிகோன் தண்ணீரை நிறுத்தும், வாயுவை நிறுத்தாது. மாஹிம் கழிமுகப் பக்கம் ரயில் போகும்போது எல்லாரும் மூக்கைப் பொத்துவோமே, அந்த அழுகின முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. பூஜை அலமாரியில் இருக்கும் வெள்ளிக் குங்குமச் சிமிழைக் கறுக்க வைப்பதும் கந்தகம்தான். சிமிழை விபூதி போட்டுத் தேய்த்துவிடலாம். எல்இடிக்குள் யார் போய்த் தேய்ப்பது? உள்ளே கறுத்துவிட்டால் சிப் நன்றாக எரிந்துகொண்டிருந்தாலும் வெளிச்சம் பாதியில் முழுங்கப்படும். நல்ல தரமான வாகன எல்இடிகளில் தங்க முலாமோ கூடுதல் பூச்சோ வைத்து இதைத் தடுக்கிறார்கள், மலிவானவற்றில் கிடையாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. கறுத்த விளக்குகளைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கந்தகம் கழிமுகக் காற்றிலிருந்து வந்ததா, விளக்குக்குள்ளேயே இருக்கும் ரப்பர் கேஸ்கெட்டிலிருந்து வந்ததா என்று கறுப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரப்பரைக் கெட்டிப்படுத்தவே கந்தகம் சேர்க்கிறார்கள். மூடிய, சூடான விளக்குக்குள் அது மெல்லக் கசியும். ஆகவே தாராவியிலோ சயானிலோ வீடு இருப்பதால்தான் உங்கள் விளக்கு போனது என்று நான் சொல்லமாட்டேன். வீட்டை மாற்ற வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் அந்தத் தயக்கம் எனக்கில்லை. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளிலோ ஹிந்த்மாதாவிலோ முழங்கால் தண்ணீரில் வண்டி விட்டிருந்தால், நடந்தது இதுவாக இருக்கலாம்: பிரேக் போட்டுப் போட்டு விளக்கின் உள்ளே காற்று சூடாகி விரிந்திருக்கும், திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் முங்கியதும் அந்தக் காற்று சுருங்கி, எந்த ஓட்டை கிடைக்கிறதோ அது வழியாக வெளியே இருப்பதை உறிஞ்சும். வெளியே இருப்பது சாக்கடை கலந்த மழைத் தண்ணீர். விளக்கு மூச்சு விடுவதற்கென்று ஒரு சின்னச் சவ்வு வைத்திருப்பார்கள், காற்று போகும், தண்ணீர் போகாது. சேறு அடைத்துவிட்டால் அதுவும் போச்சு. மழை நாளில் லென்ஸின் உட்புறம் பனி மாதிரி மங்கி, ஓடின பிறகு தெளிந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம். அடியில் தண்ணீர் தேங்கி ஆடுகிறது என்றால் அந்த விளக்குக்கு நாள் குறித்தாகிவிட்டது. வாட்டர் சர்வீஸில் அழுத்தக் குழாயை டெயில் லேம்ப் விளிம்பில் நேராகக் காட்ட வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவையுங்கள், பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

இப்போது உங்கள் மூன்று புள்ளிகள். சிவப்பு எல்இடி ஒன்றுக்குச் சுமார் 2 வோல்ட் வேண்டும். வண்டியில் எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் இருக்கும். அதனால் மூன்று நான்கு எல்இடிகளை வரிசையாகக் கோத்து ஒரு சங்கிலியாக வைப்பார்கள், அப்படிப் பல சங்கிலிகள் சேர்ந்துதான் ஒரு விளக்கு. தீபாவளிக்கு பால்கனியில் மாட்டும் சீரியல் செட் போல, சங்கிலியில் ஒன்றில் இணைப்பு அறுந்தால் கூட இருப்பவையும் அணையும். ஆக, அணைந்திருக்கும் மூன்றில் இரண்டு பெரும்பாலும் நிரபராதிகள். செத்தது ஒன்று, அல்லது அதன் சால்டர். ஆனால் இந்த ஒன்று சாவதற்கான வாய்ப்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உதாரணத்துக்கு, ஒவ்வொரு எல்இடியும் ஐந்து வருடத்தில் பழுதாக நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இது நானாக எடுத்துக்கொண்ட எண், யாரும் அளந்தது இல்லை. அப்படிப்பட்ட 30 எல்இடி ஒரு விளக்கில் இருந்தால், குறைந்தது ஒன்றாவது போகும் வாய்ப்பு 26 சதவீதம். தனித்தனியாக எல்லாமே நல்லவை, கூட்டாகப் பார்த்தால் நாலில் ஒரு விளக்கில் ஒரு புள்ளி இருட்டு. மணிக்கணக்கில் சொல்லும் ஆயுள் எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் டெயில் லேம்ப் தினம் 2 மணி நேரம் எரிந்தால் 50,000 மணி தீர 68 வருடம் ஆகும். அதற்கு முன் காரே இருக்காது.

சிக்னலில் கணக்கு வேறு. 120 விநாடி சுற்றில் 80 விநாடி சிவப்பு, 37 பச்சை, 3 மஞ்சள் என்று வைத்தால், சிவப்பு வருடத்துக்கு 5,840 மணி எரிகிறது. 50,000 மணி எட்டரை வருடத்தில் தீர்ந்துவிடும். மஞ்சளுக்கு வருடம் 219 மணிதான், இரவில் கண்சிமிட்டுவதைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். எனவே ஒரே கம்பத்தில், ஒரே நாளில் மாட்டிய மூன்று விளக்குகளில் சிவப்பு கிழமாகிவிட்டிருக்கும், மஞ்சள் குழந்தையாகவே இருக்கும். போக, சிவப்பையும் மஞ்சளையும் தரும் அலுமினியம் இண்டியம் காலியம் பாஸ்பைடு என்ற பொருளுக்கு வெயில் ஆகாது. சூடேறினால் பச்சையைவிட அதிகமாக மங்கும். மே மாத மத்தியானத்தில் மங்கிய சிவப்பு ராத்திரி பழையபடி வந்துவிடும், அது பழுது இல்லை, அந்தப் பொருளின் குணம். நிரந்தரமாகத் தேய்ந்ததா, வெயிலில் தற்காலிகமாக மங்கியதா, லென்ஸில் மெட்ரோ வேலைத் தூசி படிந்திருக்கிறதா என்று தரையில் நின்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, நானும் சேர்த்துத்தான். துடைத்துவிட்டு, ஆறிய நேரத்தில், மீட்டர் வைத்து அளக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் பார்த்த "கால்வாசி இருட்டு" மங்கல் இல்லை. அது பழைய வடிவம்: வட்டம் முழுக்க நூற்றுக்கணக்கில் சின்ன எல்இடிகளை நட்டு, சங்கிலி சங்கிலியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு சங்கிலி போனால் வட்டத்தில் ஒரு துண்டு காணாமல் போகும், மற்றது எரியும். பார்க்க அசிங்கம், ஆனால் பாதுகாப்புக்கு நல்லது. சிவப்பு சிவப்பாகத்தான் தெரிகிறது. புதிய வடிவத்தில் பின்னால் ஒரு சில பலமான எல்இடிகள் மட்டும் இருக்கும், முன்னால் உள்ள லென்ஸ் அந்த ஒளியை வட்டம் முழுக்கப் பரப்பிவிடும். அழகாக இருக்கும், ஆனால் அவற்றின் பவர் சப்ளை போனால் மொத்தமும் இருட்டு. முழுக்க அணைந்த சிவப்பை, சிக்னலை இயக்கும் கண்ட்ரோலர் நல்லதாக இருந்தால் கண்டுபிடித்து, சந்திப்பையே மஞ்சள் கண்சிமிட்டலுக்கு மாற்றிவிடும். அரைகுறையாக எரியும் விளக்கு கரண்ட் இழுத்துக்கொண்டே இருப்பதால் கண்ட்ரோலருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். நூறு வாட்டுக்கு மேல் இழுத்த பல்பு அணைந்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். பத்துப் பதினைந்து வாட் எல்இடியில் கால்பங்கு குறைந்ததைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. எனவே அந்த இருட்டுத் துண்டை நீங்கள் புகார் செய்யாவிட்டால் பல மாதம் யாருக்கும் தெரியாமலேயே போகலாம்.

சிக்னலில் எனக்குப் பிடிக்காத உறுப்பு எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர். பவர் சப்ளைக்குள் உருளையாக நிற்கும், உள்ளே ஈரமான திரவம். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் வாய்ப்பாடு. 105 டிகிரியில் 2,000 மணி தாங்கும் சாதாரண ரகம், 75 டிகிரியில் 16,000 மணி தாங்கும். விடாமல் எரிந்தால் இரண்டு வருடம்கூட இல்லை. வெயிலில் காயும் மூடிய பெட்டிக்குள் 75 டிகிரி பெரிய அதிசயம் இல்லை. 50,000 மணி எல்இடியை 16,000 மணி கெப்பாசிட்டரோடு கட்டிவைத்தால் எது ஜெயிக்கும்? நல்ல கெப்பாசிட்டருக்குக் கொஞ்சம் காசு கூட, அந்தக் காசில்தான் கஞ்சத்தனம் நடக்கிறது. வாங்கும்போது டெண்டரில் எல்இடியின் ஆயுளை மட்டும் எழுதி, பவர் சப்ளையின் ஆயுளைப் பற்றி ஒரு வரி எழுதாத ஆவணங்களை நான் படித்திருக்கிறேன்.

கடையில் வாங்கி மாட்டும் எல்இடி ஹெட்லைட் பல்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டெயில் லேம்ப் மாற்றப் போன இடத்தில் உங்களுக்கு விற்கப் பார்ப்பார்கள். எச்4 வகை ஹாலஜன் பல்பு 60/55 வாட், ஹை பீமில் சுமார் 1,650 லூமன் (வெளிச்சத்தின் அளவு), லோ பீமில் சுமார் 1,000. எல்இடி பெட்டியில் 20,000 லூமன், 200 வாட் என்று போட்டிருப்பார்கள். அப்படி ஒன்றை மீட்டரில் மாட்டிப் பார்த்தேன், 26 வாட் இழுத்தது. பின்னால் ஒரு சின்ன மின்விசிறி, மும்பைத் தூசியில் முதலில் சாவது அதுதான். அது நின்றால் கொஞ்ச நாளில் மற்றதும் போகும். இழை இருந்த இடத்துக்கும் சிப் இருக்கும் இடத்துக்கும் அரை மில்லிமீட்டர் மாறினாலும் எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும். வேண்டாம். கம்பெனியிலேயே எல்இடிக்கென்று வடிவமைத்து வந்த ஹெட்லைட் வேறு, அதை நம்பலாம்.

இவ்வளவு குறை சொல்லியும் நான் எல்இடி பக்கம்தான். பிரேக் மிதித்ததும் இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர சுமார் 0.2 விநாடி ஆகும், எல்இடிக்கு அந்தத் தாமதம் கிடையாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவனுக்கு அது 3.3 மீட்டர். கிழக்கு விரைவுச் சாலையில் அந்த மூன்று மீட்டருக்கு என்ன விலை என்று தினம் ஓட்டும் உங்களுக்குத் தெரியும். இன்னொன்று: மொபைலில் வீடியோ எடுத்தபோது டெயில் லேம்ப் துடிக்கிறது என்று பலர் பயந்து எழுதுவார்கள். வெளிச்சத்தைக் குறைக்க அதை வேகமாக அணைத்து அணைத்து எரிய விடுகிறார்கள், கேமராவுக்கு அது தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

14,000 ரூபாய் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். கூடுதல் வாரண்டி எடுத்திருந்தால் அதில் விளக்கு சேருமா என்று படியுங்கள், பல சமயம் தண்ணீர் புகுந்தது என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர்த் தடம் இல்லையென்றால் இப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி இல்லையென்றால் லாமிங்டன் ரோடு பக்கம் விளக்கைப் பிரித்து எல்இடி மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். டெயில் லேம்ப்புக்கு அது தப்பில்லை என்பது என் கருத்து, இரண்டு நிபந்தனையோடு: அதே நிறம், அதே வெளிச்சம் உள்ள எல்இடி போட வேண்டும், திரும்ப ஒட்டும்போது விளிம்பு முழுக்கப் பசை போட்டு, வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்ட வேண்டும். இரண்டாவதைச் செய்ய மறுப்பவரிடம் கொடுக்காதீர்கள், அடுத்த ஜூனில் மறுபடி வருவீர்கள். ஹெட்லைட்டாக இருந்தால் இந்த யோசனையை நான் சொல்லியிருக்கமாட்டேன்.

நீங்கள் அனுப்பிய படத்தில் தெளிவாகத் தெரியவில்லை என்பதால் ஒன்று கேட்கிறேன். அந்த மூன்று புள்ளிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவா, அல்லது அங்கொன்று இங்கொன்றாகவா? பக்கத்தில் இருந்தால் மேலே சொன்ன ஒரே சங்கிலிதான், ரிப்பேர் சுலபம். சிதறி இருந்தால் மூன்று தனிச் சாவுகள், போர்டு முழுக்க ஏதோ நடந்துகொண்டிருக்கிறது, ரிப்பேருக்குப் போடும் காசு வீண். இரவில், பார்க்கிங் லைட்டை மட்டும் போட்டு, இரண்டடி தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.